பூதக்காவும் ஓரத்து மங்கலும்

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் செய்து கொடுக்கும் அந்தக் கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் போதும், லென்ஸை விளக்கடியில் ஒரு திருப்புத் திருப்பி, "இது ஆகாது" என்று ஓரங்கட்டிவிடுவாள். அந்தப் பெயர் நாளாவட்டத்தில் தேய்ந்து 'பூதக்கா' என்று ஆயிற்று. ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தாள். பிறகு பழகிப்போய், கடைக்காரர்களிடம் போனில் பேசும்போது அவளே "பூதக்கா பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

கூடம் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கீழே ரப்பர் வாடை, மேலே மெருகு போடும் ஈரமாவின் வாடை. இரண்டுக்கும் நடுவே ஒடுக்கமான இரும்புப் படி. பூதக்காவின் இடம் கடைசி மேஜை. இழைத்து, மெருகேற்றி, கழுவி வரும் லென்ஸெல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். பவர் பார்க்கும் கருவியில் லென்ஸை வைத்து, நடுப்புள்ளியில் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை வைப்பாள். அந்த வேலையில் அவளுக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. எண் சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு.

அந்த நிம்மதிக்கு உலை வைத்தது புதிதாக வந்து இறங்கிய மிஷின்.

அதுவரை கோடு தெரியாத லென்ஸ் கேட்பவர்களுக்கு, வளைவு ஏற்கெனவே வார்க்கப்பட்ட வில்லைகள் வெளியிலிருந்து வரும். பின்பக்கத்தை மட்டும் இங்கே இழைத்துக் கொடுப்பார்கள். கோடு தெரியாத லென்ஸ் என்பது நாற்பதைத் தாண்டியவர்கள் போடுவது. மேல்பாதியில் தூரப் பார்வை, அடியில் படிக்கும் பார்வை, நடுவே ஒரு சந்து மாதிரி வழியில் ஒன்று மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறும். புது மிஷின் அந்த வளைவையே செதுக்கும். எந்த ஆளுக்கு எந்த மாதிரி வேண்டுமோ அந்த மாதிரி. ஆனால் எப்படிச் செதுக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்.

மேலாளர் ஒரு முறை கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்ப்பது போல் பாவனை செய்தார்கள். பூதக்கா மட்டும் ஒரு லென்ஸை விளக்கில் பிடித்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதாம்மா சரி," என்றார் மேலாளர்.

"எதுக்கு சார்?" என்றாள் அவள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பயிற்சி கொடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கணிதத்தில் பட்டம் வாங்கியவள். தோளில் கனத்த பை, கையில் டப்பாவில் அடுக்கி வரும் உருளைக்கிழங்கு வறுவல். பூதக்காவைவிடப் பாதி வயதுதான் இருக்கும். வந்ததும் வராததுமாக, "அக்கா, பயப்படாதீங்க, எல்லாம் படம்தான்," என்றாள். கூடத்தில் உடனே அவளுக்கு டீச்சர் என்று பெயர் விழுந்தது.

படம்தான். ஆனால் என்ன படம்! திரையில் முதலில் ஒரு பந்து வந்தது. பச்சையாகச் சுழன்றது. அடுத்து ஒரு தட்டு. அது வெள்ளை. மூன்றாவதாக ஒரு குழாய் வந்தது. அதுவும் வெள்ளை.

"இந்தக் கலர் எதைக் காட்டுதுன்னா, பரப்பு எவ்வளவு வளைஞ்சிருக்குங்கறதை," என்றாள் டீச்சர்.

பூதக்கா திரையை உற்றுப் பார்த்தாள். "அப்போ குழாய் வளையலயா?"

"இந்தக் கணக்குப்படி இல்லக்கா. தட்டும் குழாயும் ஒண்ணுதான்."

"என்னம்மா சொல்ற? தட்டுல தண்ணி ஊத்தினா ஓடிப்போகும். குழாய்ல ஊத்தினா அதுக்குள்ளயே போகும். ரெண்டும் எப்படி ஒண்ணு?"

டீச்சர் ஒரு காகிதத்தை எடுத்துச் சுருட்டிக் காட்டினாள். கசங்கவில்லை, கிழியவில்லை, தட்டைக் காகிதம் குழாயாகிவிட்டது. அதனால் உள்ளுக்குள் ஒன்றும் மாறவில்லை என்றாள். பிறகு அதே காகிதத்தைப் பூதக்காவின் சாப்பாட்டுக் கிண்ணத்தின் முதுகில் ஒட்டவைக்கப் பார்த்தாள். காகிதம் மடிந்து, சுருங்கி, மூலைக்கு மூலை முறுக்கிக்கொண்டது. "பாத்தீங்களா, கிண்ணம்தான் நிஜமா வளைஞ்சது."

பார்த்தாள். கண்ணுக்குத் தெரிந்தது. புத்திக்கு இறங்கவில்லை. அதோடு கிண்ணத்தின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் திரையில் ஒரே பச்சையாக இருந்தன. பள்ளமும் மேடும் ஒரே நிறமா என்று கேட்டால், ஆமாம் என்றாள் டீச்சர். கடைசியாக டப்பாவிலிருந்து ஒரு வறுவலை எடுத்து நீட்டினாள். முன்னும் பின்னும் மேலே தூக்கி, இடமும் வலமும் கீழே தொங்கிய வறுவல். திரையில் அந்த வடிவம் ஆரஞ்சு நிறத்தில் வந்தது.

"இது சேணம். குதிரை மேல போடுவாங்கல்ல, அது."

"நான் குதிரையவே கிட்டத்துல பார்த்ததில்ல," என்று சொல்லி, பூதக்கா வறுவலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலை படி இறங்கும்போது அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. திரையில் சுழன்ற வடிவங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. அவற்றில் ஒரு தொல்லை வேறு: மேடு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இமை தட்டிய நேரத்தில் அது பள்ளமாக மாறிவிடும். மறுபடி மேடாக்க என்ன முயன்றாலும் பிடிவாதம் பிடிக்கும். வீட்டில் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர், எண்ணெய்க் கையோடு வந்து உட்கார்ந்தார்.

"என்ன படிச்சே இன்னிக்கு?"

"குழாய் தட்டையா இருக்காம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்."

"அப்போ சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவருக்கு எல்லாமே இப்படித்தான். குழம்பவே மாட்டார். சில சமயம் அவளுக்கு அதுதான் எரிச்சலாக இருக்கும்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. வளைவுகளைச் செதுக்கும் ஆள் தானும் அதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா என்று, மேலாளர் அவளுக்கே கோடு தெரியாத லென்ஸ் போட்டுக் கொடுத்தார். அதுவரை படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தவள், முதல் நாளே இரும்புப் படியில் கால் வைக்கப் பயந்து கைப்பிடியைக் கட்டிக்கொண்டாள். குனிந்தால் படி எழும்பி வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தால் கதவின் நிலைச்சட்டம் நெளிந்தது. தெருவில் தலையைத் திருப்பினால் தெருவே ஒரு முறை நீந்தி நின்றது. இந்தப் பக்கம் திரையில் வளைவுகள் ஏமாற்றின, அந்தப் பக்கம் தெரு. எதை நம்புவது என்று தெரியாமல், கோழி நடப்பது போல ஒவ்வோர் அடியும் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

கண்ணாடியின் அடியில்தான் படிக்கும் பார்வை. ஆகவே கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க முகவாயை மேலே தூக்க வேண்டும். அந்த வாரம் கணவரின் அக்கா வீட்டுக்கு வந்தாள். மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் படத்தைப் போனில் எடுத்து ஆசையாக நீட்டினாள். பூதக்கா முகவாயைத் தூக்கினாள். தெரியவில்லை. இன்னும் தூக்கினாள். மூக்கைச் சுருக்கினாள். ஒரு கண்ணை இடுக்கித் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கடைசியில் மங்கலாக ஏதோ பிடிபட, "ம்" என்றாள்.

நாத்தனாரின் முகம் கடுகு வெடிப்பது போல ஆயிற்று. "என்ன 'ம்'?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணி."

"நல்லாத்தான்னா? மூஞ்சியத் தூக்கிக்கிட்டு, என்னமோ அழுகின காய்கறியப் பாக்கற மாதிரிப் பாத்துட்டு, நல்லாத்தான் இருக்காம்! கம்ப்யூட்டர்ல உக்காந்ததும் கண்ணு மேல போயிடுச்சா?"

"கண்ணு மேல போகல அண்ணி, கண்ணு கீழ இருக்கு, அதான் நான் மூஞ்சிய..." என்று அவள் விளக்கத் தொடங்கியது நிலைமையை இன்னும் கெடுத்தது. நாத்தனார் டம்ளரை வைத்த வேகத்தில் காபி மேஜையெல்லாம் சிந்தியது. தம்பியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இந்த மனக்கசப்போடுதான் பூதக்கா தன் முதல் நிஜமான வேலையை எடுத்தாள். வந்தவர் ஒரு பஸ் டிரைவர். ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் மெலிசு. வேறோர் இடத்தில் கோடு தெரியாத கண்ணாடி வாங்கிப் போட்டிருந்தார். முன்னால் தெருவும் தெரிந்தது, எதிரே வேகம் காட்டும் முள்ளும் எண்ணும் தெரிந்தன. பின்னால் வருவதைப் பார்க்க பஸ்ஸின் இரண்டு பக்கமும் இருக்கும் பெரிய கண்ணாடிகள் மட்டும் கலங்கின.

"கண்ணாடி வழியா கண்ணாடியப் பாத்தா கண்ணாடியே தெரியலம்மா," என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே விளங்கியது, வெட்கப்பட்டுச் சிரித்தார். ஆனால் சிரிக்கும் நிலையில் அவர் இல்லை. பணிமனையில் உண்மையைச் சொல்லிவிட்டதால், பார்வை சரியாகும் வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று நிறுத்திவைத்திருந்தார்கள். வண்டி கழுவும் இடத்தில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். "நேத்து வரைக்கும் எனக்குக் கீழ இருந்த பசங்க, 'அண்ணே, அந்தச் சக்கரத்துல இன்னும் சேறு இருக்கு'ன்னு கை காட்டறாங்க."

டீச்சர் அன்று வேறொரு கூடத்துக்குப் போயிருந்தாள். பூதக்கா தனியாகத் திரை முன் உட்கார்ந்தாள். டிரைவரின் லென்ஸைப் படமாக விரித்தாள். நடுவில் நல்ல நீலம். இரு ஓரங்களிலும் சிவப்புத் திட்டு. 'சரிதான், சிவப்பு இருக்கிற இடம்தான் கலங்கற இடம்' என்று முடிவு கட்டினாள். புள்ளிகளைப் பிடித்து இழுத்தாள். இங்கே தாழ்த்தினாள், அங்கே உயர்த்தினாள். சிவப்பு மஞ்சளாயிற்று, மஞ்சள் பச்சையாயிற்று. மதியச் சாப்பாட்டையும் மறந்து இழுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் இரண்டு ஓரங்களும் நடுவைப் போலவே அமைதியான நீலமாகிவிட்டன.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பெரிய படிப்பெல்லாம் என்ன, உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தால் ஆகாதது உண்டா என்று நினைத்துக்கொண்டாள். மிஷினுக்கு அனுப்பினாள். லென்ஸ் வந்தது. அவளுடைய பழைய மேஜையில் இப்போது இருந்தவர் நடுப்புள்ளியில் பவர் பார்த்தார், சரியாக இருந்தது, முத்திரை வைத்தார்.

டிரைவர் நல்லவேளையாக அதைத் தெருவில் போட்டுப் பார்க்கவில்லை. பணிமனைக்குள் நின்றுகொண்டிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மறுநாள் காலையிலேயே கூடத்துக்கு வந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று பூதக்காவுக்கு இருந்தது.

"இதுக்கு முன்னாடி வெறும் மங்கலாத்தாம்மா இருந்துச்சு," என்றார் மெலிந்த குரலில். "இப்போ பின்னாடி நிக்கற பஸ்ஸெல்லாம் யாரோ மூலையப் பிடிச்சு இழுத்த மாதிரி கோணலா இருக்கு. ஒரு ஆள் நடந்து வந்தாரு. முதல்ல குண்டா வந்தாரு, அப்புறம் ஒல்லியாப் போனாரு."

அவர் போன பிறகு பூதக்கா அந்த லென்ஸை எடுத்து, பவர் பார்க்கும் கருவியில் ஓரத்தை வைத்துப் பார்த்தாள். எண்கள் தாறுமாறாக இருந்தன. திரையில் போய்ப் பார்த்தாள். ஓரம் நீலம்தான், மாசு மறுவற்ற நீலம். கருவி பொய் சொல்கிறதா, திரை பொய் சொல்கிறதா? திரும்பவும் கருவிக்குப் போனாள். திரும்பவும் திரைக்கு வந்தாள். இத்தனை வருஷமாகத் தலைமுடிக் கீறலைக்கூட விடாத கண், இவ்வளவு பெரிய தப்பைக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அழுதாள் என்று சொல்ல முடியாது. தண்ணீர்தான் கொஞ்ச நேரம் ஓடியது.

டீச்சர் திரும்பி வந்ததும் பூதக்கா அவளைத் தரதரவென்று இழுத்து வந்து திரை முன் உட்காரவைத்தாள்.

"இது நீலமா, இல்லையா?"

"நீலம்தான்க்கா."

"நீலம்னா நல்லதா, இல்லையா?"

டீச்சர் திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு சின்னக் கட்டம். பூதக்கா ஒரு நாளும் கவனிக்காத கட்டம். டீச்சர் அதைத் தொட்டாள். அதற்குள்ளிருந்து வரிசையாக மூன்று கட்டங்கள் விரிந்தன. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு மாற்றினாள். நீல லென்ஸின் ஓரங்கள் இரண்டும் பொசுக்கென்று ரத்தச் சிவப்பாகின.

பூதக்கா பேந்தப் பேந்த விழித்தாள். லென்ஸ் அதேதான். ஒரு புள்ளிகூட நகரவில்லை.

"ஐயோ அக்கா," என்றாள் டீச்சர். அவள் முகம் வெளுத்துவிட்டது. "இதை நான் உங்களுக்குச் சொல்லவே இல்ல. பாடம் எடுத்தப்போ ஒரு கட்டத்துல வெச்சிருந்தேன். லென்ஸைத் திறந்தா அது தானா வேற கட்டத்துல திறக்கும். என் தப்புதான்."

"யார் தப்புங்கறது கிடக்கட்டும். இது என்னன்னு சொல்லு."

டீச்சர் சொன்னாள். ஒரு பரப்பில் எந்த இடத்தில் விரலை வைத்தாலும் அங்கே இரண்டு வளைவுகள் உண்டு. ஒரு திசையில் அதிகமாக வளையும், அதற்குக் குறுக்கே குறைவாக வளையும். கம்ப்யூட்டர் அந்த இரண்டு எண்களையும் எடுத்துக்கொள்கிறது. பெருக்கினால் ஒரு படம். கூட்டிப் பாதியாக்கினால் இன்னொரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மூன்றாவது படம்.

"குழாய எடுத்துக்குங்க. சுத்தி வளையுது, நீளவாக்குல வளையல. நீளவாக்குல பூஜ்யம். பெருக்கினா?"

"பூஜ்யம்," என்றாள் பூதக்கா மெதுவாக. "பூஜ்யத்தால எதைப் பெருக்கினாலும் பூஜ்யம். அதான் தட்டு மாதிரி வெள்ளையா?"

"அதேதான்! கிண்ணத்துக்கு உள்ள ரெண்டும் மைனஸ், வெளிய ரெண்டும் பிளஸ். பெருக்கினா ரெண்டு பக்கமும் பிளஸ்தான்."

"அப்போ இந்த நீலம்?"

"நீங்க பாத்தது கூட்டிப் பாதியாக்கின படம். ஓரத்துல ஒரு திசையில ரொம்ப வளைஞ்சிருக்கு, குறுக்க வளைவே குறைஞ்சுபோச்சு. கூட்டிப் பாதியாக்கினா நடுவுல இருக்கற அதே எண் வரும். பார்க்க நல்ல பிள்ளையா இருக்கும். ஆனா கண்ணைக் கோணலாக்கறது கூட்டல் இல்ல, கழித்தல். ரெண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம்தான் மங்கல்."

பூதக்கா நாற்காலியில் சாய்ந்தாள். இத்தனை நாள் தலைக்குள் கிடந்த சிடுக்கில் ஒரு நூல் பிரிந்தது போல் இருந்தது. கண் டாக்டரின் சீட்டைப் பார்த்துச் சிலிண்டர் பவர், சிலிண்டர் பவர் என்று தினமும் தான் வாயால் சொல்லி வந்தது இந்த வித்தியாசத்தைத்தானா! அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

மூன்றாவது கட்டத்தில் வைத்துக்கொண்டு மறுபடி இழுக்கத் தொடங்கினாள். இடது ஓரத்துச் சிவப்பைக் குறைத்தால் கீழே போய் முளைத்தது. கீழே அமுக்கினால் நடுவே இருக்கும் சந்து வழியைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தது. எல்லாப் பக்கமும் பரப்பிவிட்டால் சிவப்பு போயிற்று. ஆனால் லென்ஸ் முழுக்க ஒரு மஞ்சள் சோகை பிடித்தது. குட்டிக்கரணம் போட்டாலும் மொத்தமாகப் போகவில்லை.

"இதைத் துரத்தவே முடியாதாம்மா?"

"முடியாதுக்கா. எல்லா இடத்துலயும் ரெண்டு திசையும் சமமா வளையணும்னா, அது பந்தா இருக்கணும், இல்ல தட்டா இருக்கணும். மேல ஒரு வளைவு, கீழ ஒரு வளைவுன்னு மாத்திக்கிட்டுப் போனா, பக்கத்துல வித்தியாசம் வந்தே தீரும். சந்து எவ்வளவு வேகமா மாறுதோ, பக்கத்துல அதுக்கு ரெண்டு மடங்கு வேகத்துல மங்கல் வளரும்."

"ஏன் ரெண்டு மடங்கு?"

"அதுக்கு நிரூபணம் இருக்கு."

"அது தெரியும், யாராவது நிரூபிச்சிருப்பாங்க. நான் கேட்டது ஏன்னு."

டீச்சர் வறுவல் டப்பாவை எடுத்து உள்ளே பார்த்தாள், காலியாக இருந்தது. "உண்மையச் சொல்லணும்னா, ஒவ்வொரு வரியாப் படிச்சிருக்கேன். ஒவ்வொரு வரியும் சரி. எல்லாத்தையும் சேத்துப் பார்த்து 'ஓ, அதனாலதான்'னு எனக்கும் வந்ததில்லக்கா."

இரண்டு பேரும் அந்தச் சிவப்புத் திட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தவளுக்கும் அது புரியவில்லை என்பது பூதக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அப்படி இல்லை. அவளுக்குமே தெரியாவிட்டால் பிறகு யாரைப் போய்க் கேட்பது?

போக்க முடியாது என்றால் எங்கேயாவது தள்ளித்தான் வைக்க வேண்டும். எங்கே தள்ளுவது? டிரைவரின் கண் எங்கே போகாதோ அங்கே. அதைக் கண்டுபிடிக்க ஒரு விடுமுறை நாளின் முற்பகலில் இருவரும் பணிமனைக்குப் போனார்கள். டிரைவர் ரப்பர் காலணியோடு ஓடி வந்து, ஒரு பஸ்ஸைத் திறந்துவிட்டார்.

தன் இருக்கையில் ஏறியதும் அவர் வேறு மனிதரானார். முதுகு நிமிர்ந்தது. கை தானாகப் போய் ஸ்டியரிங்கில் விழுந்தது. ஓட்டுவது போல நினைத்துக்கொண்டு பாருங்கள் என்று டீச்சர் சொல்ல, அவர் பார்த்தார். பூதக்கா முன்னால் நின்றபடி அவர் கருவிழியையே கவனித்தாள். அவள் நினைத்துக்கொண்டு வந்தது ஒன்று, அங்கே கண்டது வேறு. ஒரு பக்கத்துக் கண்ணாடிக்கு அவர் தலையையே திருப்பினார்; அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தொலைவில், கதவுப் பக்கம் இருந்த கண்ணாடிக்குத் தலை அசையவில்லை. விழி மட்டும் ஓரத்துக்கு ஓடித் திரும்பியது. கீழே முள்ளைப் பார்க்க விழி தாழ்ந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

"ஏன் அந்தப் பக்கம் மட்டும் தலையத் திருப்ப மாட்டேங்கறீங்க?"

"திருப்பறேனே," என்றார் டிரைவர்.

"திருப்பல."

"திருப்பறேம்மா, எத்தனை வருஷமா ஓட்டறேன்."

டீச்சர் போனில் வீடியோ பிடித்துக் காட்டினாள். டிரைவர் திகைத்துப்போனார். "நானா இது?" என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். மூன்று பேருமே இப்போது குழம்பி நின்றார்கள்: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய லென்ஸை இனி எப்படிச் செய்வது என்று பூதக்காவும், அப்படி ஒன்று செய்யலாமா என்று டீச்சரும், இத்தனை காலம் தான் எப்படி ஓட்டினோம் என்று டிரைவரும்.

செய்தார்கள். கதவுப் பக்கத்து ஓரத்தைத் தூரப் பார்வை மட்டத்தில் அகலமாகத் துடைத்துவிட்டு, அங்கிருந்த மங்கலையெல்லாம் கீழே, கன்னத்துப் பக்கம் ஒதுக்கினாள் பூதக்கா. படிக்கும் பார்வை குறுகிச் சாவித்துவாரம் போல ஆயிற்று. "புத்தகம் படிக்க லாயக்கில்ல, அதுக்குத் தனியா ஒண்ணு போட்டுக்கணும்," என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள். தலைமை அலுவலகத்தில் ஒப்புதல் கேட்டபோது, இரண்டு பக்கமும் ஏன் சமமில்லை என்று அவர்கள் கேட்டார்கள். டீச்சர் பணிமனையில் பிடித்த வீடியோவை அனுப்பினாள். ஒப்புதல் வந்தது. இந்த முறை பூதக்கா நடுப்புள்ளியோடு விடாமல், லென்ஸ் முழுக்க இடம் இடமாகக் கருவியில் வைத்துப் பார்த்த பிறகே கையை விட்டு இறக்கினாள்.

முதல் நாள் பரவாயில்லை என்றார் டிரைவர். பணிமனைக்குள்ளேயே சில நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக் காட்டினார். மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தடத்துக்கு அனுப்பினார். அதன் பிறகு கூடத்துக்கு வந்தபோது அவர் சீருடையில் இருந்தார்.

"எல்லாம் தெரியுதா?" என்றாள் பூதக்கா.

"தெரியுது. வண்டிய விட்டு இறங்கறப்போ மட்டும் தரை கிட்ட வருது."

"அது எனக்கும் வருது."

"சரியாப் போயிடுமா?"

"தெரியலயே," என்றாள் அவள் உண்மையாக. இருவருமே சிரித்துவிட்டார்கள்.

நாத்தனார் விஷயம் இவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. பூதக்கா இரண்டு முறை போனில் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. கடைசியில் கணவரையும் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கே போனாள். கதவைத் திறந்த நாத்தனார் தம்பியை மட்டும் "வாடா" என்றாள். பூதக்கா தன் கண்ணாடியைக் கழற்றி நாத்தனாரின் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"என்ன இது, விடு... ஐயையோ, சுவர் ஏன் ஆடுது?"

"அந்தப் படத்தை இப்போ பாருங்க அண்ணி."

நாத்தனார் போனை எடுத்தாள். பார்த்தாள். முகவாய் மெல்ல மேலே போயிற்று. மூக்கு சுருங்கியது. ஒரு கண் இடுங்கியது. தம்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அக்கா, வரப்போற மருமகள அப்படிப் பாக்காதே, கல்யாணம் நின்னுடும்!"

நாத்தனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "எல்லாம் சரி, அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்?" என்றாள்.  படத்தைப் பூதக்கா இன்னும் ஒழுங்காகப் பார்த்திருக்கவே இல்லை. கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு, முகவாயைத் தூக்கி, நிதானமாகப் பார்த்தாள். பெண் நன்றாகவே இருந்தாள்.

டீச்சருக்கு ஊர் மாற்றல் வந்தது. அவள் கிளம்பும் நாளில் மேலாளர் பூதக்காவைக் கூப்பிட்டு, "இனி நீங்களே பார்த்துக்குவீங்களா? எல்லாம் புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"பாதி புரிஞ்சுது சார். மீதிப் பாதி முன்னைவிட மோசமாயிடுச்சு."

மேலாளர் அதைக் கேட்டு என்ன முடிவுக்கு வந்தாரோ, அந்த நாற்காலியை அவளுக்கே நிரந்தரமாக்கிவிட்டார். அவளுக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மதியம் சாப்பிட்ட பிறகு, வேலை இல்லாத நேரத்திலும் ஏதாவது ஒரு வடிவத்தைத் திறந்து, மூன்று கட்டங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்ன பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்பாள்.

போன வாரம் ஒருவர் வந்தார். வீடுகளின் உள்கூரைக்குச் சாயம் அடிப்பவர். நாள் முழுக்க அண்ணாந்தபடி, முகத்துக்கு மேலே ஒரு கை தூரத்தில்தான் அவருக்கு வேலை. கிட்டப் பார்வை தனக்கு மேல்பாதியில் வேண்டும் என்றார். பூதக்கா சரி என்று சொல்லி, திரையில் ஒரு லென்ஸைத் திறந்து அப்படியே தலைகீழாகத் திருப்பினாள். திருப்பியதும்தான் தோன்றியது: ஏணியில் இறங்கும்போது இவர் கீழே பார்ப்பாரே, அப்போது மங்கல் எங்கே வரும்? காலடியிலா, தோளுக்குப் பக்கத்திலா? நடுவே இருக்கும் சந்து வழியைச் சுருக்கினால் நல்லதா, நீட்டினால் நல்லதா?

"நாளைக்கு வேலை செய்யற இடத்துக்கு வரட்டுமா?" என்றாள் அவரிடம். "நீங்க ஏணியில ஏறி இறங்கறதை ஒரு தடவை பாக்கணும்."

அவர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார். அவள் முகவாயைத் தூக்கி, அவர் சொன்ன முகவரியை எழுதிக்கொண்டாள்.